பதினோராவது தேவாலயம்

கொலோன் தேவாலயத்தின் படிக்கட்டில் கனகவல்லி உட்கார்ந்துவிட்டாள். இனி எழுந்திருக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

"ஐந்நூத்திச் சொச்சம் படிதான் வல்லி. நம்ம மலைக்கோட்டையைவிடக் கொஞ்சம்தான் கூட," என்றார் சிதம்பரம்.

"மலைக்கோட்டைக்கே நான் போய் ஒம்பது வருஷமாச்சு. நீங்க ஏறிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

அவர் தலையில் தொப்பியும் கழுத்தில் கேமராவும் கையில் மாப்பிள்ளை கொடுத்த வழிகாட்டிப் புத்தகமுமாக நின்றார். அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "எங்கயும் போயிடாதே. பையைப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி வேகமாக உள்ளே போனார்.

சிதம்பரம் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்து, போன வருஷம் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். மகள் வத்சலா பர்மிங்ஹாமில் இருந்தாள். மாப்பிள்ளை அங்கே டாக்டர். 1970 ஜூனில் மகளின் தலைப்பிரசவத்துக்கென்று இருவரும் விமானம் ஏறினார்கள். பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கனகவல்லிக்கும் நாளடைவில் அது தெரியாமல் போயிற்று. நான்கு மாதத்தில் அவள் பார்த்த இங்கிலாந்து, ஒரு ஜன்னலும், துணி காயப்போடுகிற கொடியும், எதிர்வீட்டுப் புகைபோக்கியும்தான்.

ஊருக்குக் கிளம்பும் சமயத்தில் மாப்பிள்ளை மூன்று வாரத்துக்கான ரயில் சீட்டு இரண்டை நீட்டினார். "அத்தை வீட்டை விட்டு வெளியவே வரல. ஐரோப்பாவைச் சுத்திப் பாத்துட்டு ரோம்ல பிளேன் ஏறுங்க," என்றார். எந்த ஊரில் எதைப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் நீலப் பென்சிலால் அடிக்கோடும் போட்டிருந்தார். கனகவல்லிக்கு நேரே திருச்சிக்குப் போய், தன் வீட்டுச் சிமெண்டுத் தரையில் மின்விசிறிக்குக் கீழே நாலு நாள் படுத்துக் கிடக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் மகளின் முகத்தில் அத்தனை பெருமை. சரி என்று சொல்லிவிட்டாள்.

இது பன்னிரண்டாவது நாள். அவள் எண்ணிக்கைப்படி இது பதினோராவது தேவாலயம்.

படிக்கட்டின் கல் சில்லென்று இடுப்பில் ஏறியது. புடவைக்குமேல் மகளுடைய பழைய கோட்டு, காலில் கம்பளிக் காலுறை, அதன்மேல் வத்சலா வாங்கித் தந்த தடித்த பூட்ஸ். இரண்டு கணுக்காலும் வீங்கி, பூட்ஸின் விளிம்பைத் தாண்டி வழிந்தன. சதுக்கத்தில் ஏதோ கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் கல்லைக் குடைகிற சத்தம். மேலே காற்று. கால் மணி நேரம் பார்த்தாள். பிறகு எதிரே தெரிந்த ரயில் நிலையத்தை நோக்கி, பையை இழுத்துக்கொண்டு நடந்தாள். பத்து நிமிஷம் காற்றுப்படாமல் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனாள்.

காத்திருப்பு அறையில் சுவரோரம் மரப் பெஞ்சு ஒன்று இருந்தது. அதற்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறதோ என்னவோ, பெஞ்சு இளஞ்சூடாக இருந்தது. உட்கார்ந்ததும் அந்தச் சூடு தொடை வழியாக முதுகுக்கு ஏறியது. பக்கத்தில் இருந்த தடித்த ஜெர்மன் அம்மாள் கனகவல்லியின் கால்களைப் பார்த்தாள். தன் பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, அதைத் தட்டிக் காட்டினாள். வெள்ளைக்காரியின் பெட்டிமேல் காலை வைப்பதா என்று கனகவல்லி கூசினாள். அந்த அம்மாள் இன்னொரு முறை தட்டினாள், கொஞ்சம் அதட்டலாகவே. கனகவல்லி பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்தாள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

"வல்லி! வல்லி!"

கண் விழித்தபோது சிதம்பரம் எதிரே நின்றிருந்தார். தொப்பியைக் காணோம். முகம் வெளுத்திருந்தது. அந்த ஜெர்மன் அம்மாளும் இல்லை. போகும்போது பெட்டியை உருவிக்கொண்டு, கனகவல்லியின் காலுக்கடியில் அவள் பையையே அணைவாக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஒரு மணி நேரமாத் தேடுறேன்! கோயிலைச் சுத்தி நாலு தரம் ஓடினேன். போலீஸ்காரன்கிட்டப் போய் சாரி, சாரின்னு புடவையைச் சொல்றேன், அவன் நான் மன்னிப்புக் கேக்கறேன்னு நெனச்சுக்கிட்டுப் பரவால்லங்கற மாதிரி கையை ஆட்டறான். எங்கயும் போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

அவர் குரல் கத்திக் கத்திக் கம்மிப் போயிருந்தது. அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கனகவல்லி பூட்ஸைத் தேடி மாட்டிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவள் உடம்பு முழுக்க அப்போது ஒரே நினைப்புத்தான் இருந்தது: இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருக்கக் கூடாதா.

சாயங்காலம் ஆஹென் என்ற ஊருக்கு ரயில் ஏறினார்கள். அங்கே சிதம்பரத்தின் பெரியப்பா மகனுடைய பெண் மல்லிகா, பல்கலைக்கழகத்தில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இருபத்தேழு வயது, ஒல்லி, வேகமாக நடப்பவள். ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். இரண்டு நாள் தங்கிவிட்டு மியூனிக், அங்கிருந்து ரோம் என்பது மாப்பிள்ளையின் திட்டம்.

"சித்தி, என் ரூம்ல நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் மாடியில ஃப்ரெண்டோட இருந்துக்கறேன். வீட்டுக்காரம்மாகிட்ட பெர்மிஷன் வாங்கிட்டேன்," என்றாள் பஸ்ஸில். "நாளைக்கு சனிக்கிழமை. இங்க இருக்கற தமிழ்ப் பசங்க எல்லாரும் மாசத்துக்கு ஒரு தரம் கூடுவோம். சித்தப்பா யூரோப் டூர் பத்திப் பேசப் போறார்னு சொல்லிட்டேன்."

சிதம்பரத்துக்கு அந்தக் கம்மிய தொண்டையிலும் முகம் மலர்ந்தது. அவர் நல்ல பேச்சாளர். பொன்மலையில் ஆயுத பூஜை என்றால் அவர் பேச்சு இல்லாமல் நடக்காது. அன்றைக்கே உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தில் ஏழு பக்கம் குறிப்பு எழுதினார்.

மறுநாள் காலையில் அவருக்குக் குரல் சுத்தமாக இல்லை. கோபுரத்து உச்சிக் காற்றும், கத்தித் தேடியதும் சேர்ந்து தொண்டையைக் கட்டிவிட்டன. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். மல்லிகா தேன் கொடுத்தாள். நாலு மணிக்கு வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

மாணவர் விடுதியின் கீழ்த்தளத்தில் கூட்டம். பதினெட்டு இருபது பேர் இருந்தார்கள். பொறியியல் படிக்கிறவர்கள், சோதனைக்கூடங்களில் வேலை பார்க்கிறவர்கள். செயலாளர் பார்த்தசாரதி கும்பகோணத்துக்காரன், உயரமாக, மூக்குக்கண்ணாடி போட்டவன். அவன் வந்து வரவேற்றபோது சிதம்பரம் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை விரித்தார். பார்த்தசாரதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியெல்லாம் போட்டாகிவிட்டது. அப்போது சிதம்பரமே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கனகவல்லியின் மடியில் வைத்தார்.

"நீ படிச்சிடு," என்றார், காதோடு.

"நானா?"

"எழுதியிருக்கறதைப் படிக்கறதுதானே."

கனகவல்லி எழுந்தாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், படிக்கத் தெரியும். ஆனால் இருபது பேர் முன்னால் அவள் நின்று பேசியதில்லை. நோட்டைப் பிரித்தாள். "பாரிஸ் மாநகரம் கலைகளின் தாயகம். அதன் வானளாவும் கோபுரத்தின் மீது நின்று நோக்கியபோது எம் உள்ளம் உவகையில் திளைத்தது," என்று வாசித்தாள்.

அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. கண் எழுத்தில் நின்றது. மனசு அந்தக் கோபுரத்துக்குப் போய்விட்டது. முன்வரிசையில் ஒரு பையன் கொட்டாவியை அடக்குவதைப் பார்த்தாள். நோட்டை மூடினாள்.

"இது அவங்க எழுதினது. நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றாள். "ஆனா அந்தக் கோபுரத்துமேல நின்னப்ப நான் என்ன பண்ணேன்னா, நாங்க தங்கியிருந்த ஓட்டல் எந்தப் பக்கம் இருக்குன்னு தேடிட்டிருந்தேன். போய்ப் படுக்கணும்னு."

யாரோ சிரித்தார்கள். மல்லிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஓட்டல் ரூமும் ஆறாவது மாடி. லிஃப்ட் கெடையாது. பாரிஸ்ல ஒரு பெரிய படத்துக் கூடத்துக்குப் போனோம். உலகத்துலயே பேர்போன படம்னாங்க. அதுக்கு முன்னாடி நூறு பேர் நிக்கறாங்க. எனக்கு ஒரு வெள்ளைக்காரரோட பிடரிதான் தெரிஞ்சுது. செவந்த பிடரி, ஒரு மச்சம் இருந்துச்சு. இப்பவும் எனக்கு அந்த மச்சம்தான் ஞாபகம் வருது. தரையெல்லாம் அப்படி வழவழன்னு வச்சிருக்காங்க. விழுந்துடக் கூடாதுன்னு கீழயே பாத்து நடந்தேன். அதனால அங்க தரையைப் பத்திக் கேட்டீங்கன்னா நல்லாச் சொல்லுவேன்."

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் சிரிக்க வைக்கவென்று சொல்லவில்லை.

"பிரஸ்ஸல்ஸ்ல ஒரு சின்னப் பையன் சிலை. ஒண்ணுக்குப் போயிட்டிருக்கான். மழையில முக்கா மணி நேரம் நடந்து போய் அதைப் பாத்தோம். எங்க பொன்மலையில வீட்டு வாசல்லயே தெனம் பாக்கறதுதான். ஆம்ஸ்டர்டாம்ல படகுல கூட்டிட்டுப் போனாங்க. நான் தூங்கிட்டேன். நடுவுல ஒரு தரம் முழிச்சேன். கரையோரமா ஒரு படகு, அதுலயே வீடு. ஒரு பொண்ணு கொடியில குழந்தைத் துணி காயப்போட்டுட்டு இருந்தா. அவ கண்ணுக்குக் கீழ கருப்பாக் குழி விழுந்திருந்துச்சு. இவளும் ராத்திரி தூங்கலைன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்போல இருந்துச்சு. அதுக்குள்ள படகு போயிடுச்சு."

"மொத தேவாலயத்துல கையெடுத்துக் கும்பிட்டேன். சாமி எந்த ஊர்ல இருந்தா என்ன. மூணாவதுல கண்ணாடி ஜன்னலைப் பாத்தேன். ஆறாவதுலேருந்து, உள்ள நுழைஞ்சதும் உக்கார எங்க எடம் இருக்குன்னு பாப்பேன். நேத்து பதினோராவது. அதுக்குள்ள நான் போகவே இல்ல."

"மாமி, அப்ப இந்த டூர்ல உங்களுக்குப் பிடிச்சது என்ன?" என்று பார்த்தசாரதி கேட்டான்.

கனகவல்லி யோசித்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"நேத்து கொலோன் ஸ்டேஷன்ல ஒரு பெஞ்சு. சூடா இருந்துச்சு. ஒரு ஜெர்மன்காரம்மா காலை வச்சுக்கன்னு அவங்க பெட்டியைக் கொடுத்தாங்க. ஒன்றரை மணி நேரம் தூங்கினேன். நாலு மாசத்துல நான் நல்லாத் தூங்கினது அதுதான்."

இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது. பின்வரிசையில் சுவாமிநாதன் என்ற பையன், எஃகு ஆலையில் பயிற்சிக்கு வந்தவன், மெதுவாகச் சொன்னான்: "நான் வந்து ரெண்டு வருஷமாச்சும்மா. வீட்டுக்கு எழுதற லெட்டர்ல எல்லாம் ஆல்ப்ஸ் மலை, ரைன் நதின்னுதான் எழுதறேன். ரைன் நதியை நான் ரயில்லேருந்துதான் பாத்திருக்கேன்." பிறகு காப்பி கொண்டு வந்தார்கள்.

கனகவல்லி தன் நாற்காலிக்குத் திரும்பியபோது சிதம்பரம் நோட்டை வாங்கி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் பக்கம் திரும்பவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மல்லிகா பார்த்தசாரதியோடு பேசிக்கொண்டு முன்னால் போனாள். சிதம்பரம் கரகரத்த காற்றுக் குரலில் சொன்னார்: "என்னைக் கோமாளி ஆக்கிட்ட."

"உங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலியே."

"அதான் சொல்றேன். பன்னெண்டு நாளா உன்கூட ஒருத்தன் வந்தான்னே தெரியாத மாதிரிப் பேசிட்ட. பெட்டி குடுத்தவளைச் சொன்ன. பிடரியில மச்சம் இருந்தவனைச் சொன்ன. வழி கேட்டு, ரயில் பாத்து, பையைத் தூக்கி, ரூம் தேடினவன் எங்க போனான்?"

கனகவல்லி நடந்தபடியே நினைத்துப் பார்த்தாள். அது உண்மைதான். பஸ் வந்தது. ஏறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நான் மியூனிக்குக்கு வரல. நீங்க போயிட்டு வாங்க."

அவர் நிமிர்ந்தார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை. உடம்பு சரியில்லை என்றாவது சொல்வாள்; காரணம் இல்லாமல் வரமாட்டேன் என்றதில்லை.

"கால் வலியா?"

"வலிதான். ஆனா வலி இல்லேன்னாலும் வரல."

அவர் அவளுடைய துணிகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலிமேல் வைத்தார். மடிப்புக் கலையாமல் வைத்தார். "செவ்வாய்க்கிழமை சாயங்கால வண்டியில வந்துடுவேன்," என்று மட்டும் சொன்னார்.

அவர் போனதும் கனகவல்லி படுத்தாள். மல்லிகா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எழுந்தபோது திங்கட்கிழமை காலை. தலையணை ஓரத்தில் எச்சில் காய்ந்திருந்தது. எந்த ஊர் என்று நினைவுக்கு வரச் சற்று நேரமாயிற்று. வந்ததும், இன்றைக்குப் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்பதும் சேர்ந்து வந்தது. அதையே நினைத்தபடி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மதியம் மல்லிகா சோதனைக்கூடத்திலிருந்து வந்து அவளை ஊர் நடுவே கூட்டிப் போனாள். அங்கே ஒரு தூண் மண்டபம். சுவரில் குழாய் வழியாகப் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் வந்து விழுந்துகொண்டிருந்தது. கிட்டே போனதும் கனகவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது, கூமுட்டை நாத்தம்!"

"கந்தகம் சித்தி. மூட்டு வலிக்கு நல்லதுன்னு அந்தக் காலத்துல ராஜாவெல்லாம் வந்து குளிச்சாங்களாம்."

கனகவல்லி குழாயடியில் கையை நீட்டினாள். சூடு சுகமாக இருந்தது. மல்லிகா வேலைக்குத் திரும்பிய பிறகும் அவள் அங்கேயே வெயிலில் ஒரு பெஞ்சில் இருந்தாள். எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு கிழவர் நாய்க்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். இரண்டு பெண்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். மொழி தெரியாவிட்டாலும் யார் மேல் தப்பு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் அறைக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போதுதான், காலையிலிருந்து கணவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது உறைத்தது. அது அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்கால வண்டியில் அவர் வரவில்லை. மல்லிகாவும் அவளும் நடைமேடையில் நின்று எல்லாப் பெட்டிகளையும் பார்த்தார்கள். அடுத்த வண்டிக்கும் காத்திருந்தார்கள்.

"ஃபோன் பண்ணியிருக்கலாமே," என்றாள் மல்லிகா.

"வீட்டுக்காரம்மா எடுத்தா என்ன பேசறதுன்னு பயந்திருப்பாங்க. தொண்டை வேற இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, தண்டவாளம் வளைகிற இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஏதாவது கோபுரத்தில் ஏறி, படியில் தலைசுற்றி விழுந்து, பெயர் சொல்லக்கூடக் குரல் இல்லாமல் கிடக்கிறாரோ என்று நினைத்தாள். உள்ளம் உவகையில் திளைத்தது என்பதை அப்படியே வாசித்துத் தொலைத்திருக்கலாம். ஏழு பக்கம்தானே. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை பகலில் மல்லிகாவை வேலைக்கு அனுப்பிவிட்டு, தானே பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனாள். ஓட்டுநரிடம் சொல்வதற்காக ஸ்டேஷனின் ஜெர்மன் பெயரை மல்லிகா தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டாவது வண்டியில் சிதம்பரம் இறங்கினார்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டு, வண்டியின் முன்பக்கம் போய் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து சக்கரத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தார். ஓட்டுநரிடம் ஏதோ சைகையில் கேட்டார். அவரும் சிரித்துக்கொண்டு ஏதோ சைகை காட்டினார். சவரம் செய்யாத முகம். ஆனால் நிமிர்ந்து நின்றார். இந்தப் பயணத்தில் அவள் அவரை இப்படிப் பார்க்கவேயில்லை.

"என்னங்க!"

திரும்பினார். "அட, நீயே தனியா வந்தியா?" குரல் பாதி வந்திருந்தது. "ஒரு நாள் கூட இருந்துட்டேன் வல்லி. முடிக்க முடியல."

"எதை? எத்தனை கோபுரம் ஏறினீங்க?"

"கோபுரமா? ஒண்ணும் ஏறல. அரண்மனைப் பக்கமே போகல. அங்க மிஷினுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு. ரயில் எஞ்சினை நட்டநடுவுல ரெண்டா அறுத்து வச்சிருக்கான். உள்ள இருக்கற ஒவ்வொரு குழாயும் தெரியுது! முப்பத்து நாலு வருஷம் பாய்லர் பாத்தவன் நான், உள்ள எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து எப்படி இருக்கும்னு மனசுக்குள்ளதான் பாத்திருக்கேன். அங்க ஒரு ரிட்டயர்டு டிரைவர் பழக்கமானார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது, தொண்டையும் இல்ல. பேப்பர்ல படம் போட்டே ரெண்டு நாள் பேசினோம்."

கனகவல்லி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாரிஸ்ல உங்களுக்கு எது பிடிச்சுது?" என்று கேட்டாள். பன்னிரண்டு நாளில் அவள் கேட்காத கேள்வி.

அவர் தயங்கினார். "ஸ்டேஷன் கூரை. அவ்வளவு அகலத்தை அந்த இரும்பு எப்படித் தாங்குதுன்னு பாத்துட்டே இருக்கலாம்."

"அங்க அஞ்சு நிமிஷம்கூட நிக்கலியே நாம."

"மாப்பிள்ளை உனக்காகத்தானே எல்லாம் கோடு போட்டுக் கொடுத்தார். படம், தோட்டம், கோயில்னு. பொம்பளைங்களுக்கு இதுதான் பிடிக்கும், அத்தைக்கு எதையும் விட்டுடாதீங்கன்னார். நானும் ஒண்ணுகூட விடாம இழுத்துட்டுப் போனேன். உன்னைக் கொண்டுபோய் எஞ்சின் முன்னாடி நிறுத்தினா நீ என்ன சொல்லுவ?"

"எனக்காகவா?" என்றாள் கனகவல்லி. "நான் உங்களுக்காகன்னு நெனச்சுல்ல நடந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் கரகரவென்று சிரித்து, இருமினார். எதிர் நடைமேடையில் நின்றிருந்த ஒருவர் செய்தித்தாளைத் தாழ்த்தி இவர்களைப் பார்த்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவளுக்குள் வேறு ஏதோ ஒன்று குத்தியது. "நான் இல்லாம நல்லா இருந்தீங்க," என்றாள்.

அவர் மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தாள். மறுத்திருந்தால் அதையும் ஏற்றுக்கொண்டிருப்பாள். சிதம்பரம் தன் கைகளைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "நீ?"

"நானும்தான். நேத்து நீங்க வராத வரைக்கும்."

ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போயிற்று. அது முழுவதும் போகும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"ரோமுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தாப் போதும். பிளேன் சனிக்கிழமைதான்," என்றார் அவர் எழுந்துகொண்டே. "இங்கேருந்து கொஞ்ச தூரத்துல, எசன்கற ஊர்ப் பக்கத்துல ஒரு ரயில் பட்டறை இருக்காம். அந்த டிரைவரோட மச்சான் அங்க இருக்கார், சீட்டு எழுதிக் கொடுத்திருக்கார். நாளைக்குப் போகலாம்னு... நான் மட்டும்தான்."

"போயிட்டு வாங்க. நான் மல்லிகா ரூம்ல இருக்கேன். ஆனா சொன்ன நேரத்துக்கு வந்துடணும்."

"வந்துடுவேன்."

பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை கிடைத்தது. வெளியே தூறல். கனகவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "அறுத்து வச்ச எஞ்சின் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க," என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நிலக்கரி எரிகிற நெருப்புப் பெட்டியிலிருந்து சூடு எந்தக் குழாய் வழியாகப் போகிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது, ஆவி எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று முன்னிருக்கையின் முதுகில் விரலால் வரைந்து காட்டினார். அவள் கவனமாகத்தான் கேட்டாள். ஆவி திரும்புகிற இடத்தில் கண் சொருகியது. தலை அவர் தோளில் சாய்ந்தது.

முழுசாகத் தூங்கிவிடவில்லை. அவர் குரல் நிற்காமல் போய்க்கொண்டிருப்பது கேட்டது. பிறகு மெல்லத் தணிந்து நின்றுபோனதும் தெரிந்தது. மல்லிகாவின் தெருப் பெயரை ஓட்டுநர் சொன்னதும் கேட்டது. இறங்க வேண்டும் என்று நினைத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. கதவு திறந்து மூடியது. பஸ் கிளம்பியது. அவளும் கண்ணைத் திறக்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் பஸ் நின்று, எஞ்சின் அணைந்தது. ஓட்டுநர் பின்னால் வந்து ஏதோ கேட்டார்.

"மை வைஃப்... ஸ்லீப்," என்றார் சிதம்பரம், பாதிக் குரலில்.

ஓட்டுநரின் காலடி தயங்கியது. பிறகு அது முன்பக்கமாகப் போயிற்று. கூரையில் தூறல் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. சிதம்பரம் தோளை அசைக்காமல், வலது கையால் மெதுவாக அவள் கோட்டின் காலரை இழுத்துக் கழுத்தை மூடினார்.

"அந்த ஆவி எங்க போகுதுன்னு நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

"ம்," என்றாள் கனகவல்லி.